நுண்ணளவுகளும் நுண்கணிதத்தின் அடித்தளமும்

நுண்ணளவு என்பது சுழியைவிடப் பெரியதாகவும் எந்த நேர் மெய்யெண்ணைவிடவும் சிறியதாகவும் கொள்ளப்படும் ஓர் அளவு. நூறில் ஒன்று, இலட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என எவ்வளவு சிறிய பின்னத்தைச் சொன்னாலும் அதற்கும் கீழே நிற்பது. ஆயினும் சுழி அன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்கணிதம் இத்தகைய அளவுகளைக் கொண்டே எழுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அவை விலக்கப்பட்டு, எல்லை என்னும் கருத்து அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டது. 1961இல் ஆபிரகாம் ராபின்சன் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் அவை தருக்க ஒழுங்குடன் மீண்டும் கணிதத்துக்குள் வந்தன.

இந்த வரலாறு பெரும்பாலும் ஒரு பிழை திருத்தப்பட்ட கதையாகவே பாடநூல்களில் இடம்பெறுகிறது. முன்னோர் குழப்பத்தோடு கணக்கிட்டனர், பின்வந்தோர் தெளிவுபடுத்தினர் என்பது அதன் சுருக்கம். ராபின்சனுக்குப் பிறகு இதற்கு நேரெதிரான கதையும் பரவியது: லைப்னிட்ஸ் தொடக்கம் முதலே சரியாகச் சொன்னார், இடையில் வந்தவர்களே அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அது. இரண்டும் வசதியான கதைகள். இரண்டிலும் வெவ்வேறான இரு கேள்விகள் ஒன்றாகக் கலந்துள்ளன. நுண்ணளவு முரண்பாடற்ற கருத்தா என்பது ஒன்று. முரண்பாடற்றதாயின், நுண்கணிதத்தை அதன்மேல் கட்டலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை 1890களிலேயே கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு மேலும் ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின. அங்கும் விடை நிபந்தனைகளோடுதான் வந்தது.

தமிழில் இத்துறையின் பெயரே இவ்வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் போகிறபோக்கில் குறிப்பிடலாம். ‘கால்குலஸ்’ என்னும் இலத்தீன் சொல் எண்ணுவதற்குப் பயன்பட்ட சிறு கல்லைக் குறிப்பது. அதில் நுண்மை எதுவும் இல்லை. நுண்கணிதம் என்னும் தமிழ்ப் பெயரோ நுண்ணளவைத் தலையில் சூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்பெயர் கொண்ட பாடத்தைத் திறந்தால் மாணவர் முதலில் சந்திப்பது எல்லையை.

லைப்னிட்சின் கணக்கு

ஒரு சதுரத்தின் பக்கம் ப என்க. பக்கம் ந என்னும் நுண்ணளவு கூடினால் பரப்பளவு (ப + ந)² ஆகும். கூடுதல் 2பந + ந². இதை ந ஆல் வகுத்தால் 2ப + ந கிடைக்கிறது. ந மிகச் சிறியது என்பதால் அதை விட்டுவிட்டால் எஞ்சுவது 2ப. இதுவே வகைக்கெழு. விடை சரி. ஆனால் வகுத்தபோது ந சுழியாக இருந்திருக்க முடியாது; விட்டபோது அது சுழியைப் போல நடத்தப்பட்டது. பின்வந்த எல்லாச் சண்டைகளும் இந்த ஒரே இடத்தில்தான் நடந்தன.

லைப்னிட்ஸ் தம் முறையை 1684இல் வெளியிட்டார். அதை முதன்முதலில் பாடநூலாக்கியவர் லோபிதால். 1696இல் வெளிவந்த அவருடைய நூல் இரண்டு அடிப்படைகளை வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது: நுண்ணளவால் மட்டும் வேறுபடும் இரு அளவுகளை ஒன்றுக்கு மற்றொன்றாக எடுத்துக்கொள்ளலாம்; வளைவரையை நுண்ணிய பக்கங்கள் எண்ணற்றவை கொண்ட பலகோணமாகக் கருதலாம். தேவையானதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நேர்மையான வழிதான். அவ்விரண்டும் மற்ற எண் விதிகளோடு ஒத்துப்போகுமா என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை.

ஆராய்ந்தவர்கள் இருந்தனர். ஒல்லாந்து நாட்டு மருத்துவரும் கணித அறிஞருமான பெர்னார்ட் நியூவென்டைட் 1694, 1695 ஆண்டுகளில் எழுதிய நூல்களில் ஒரு மாற்று ஏற்பாட்டை முன்வைத்தார். நுண்ணளவு உண்டு, அதன் வர்க்கமோ சுழி. அப்படியானால் மேலுள்ள கணக்கில் ந² தானாகவே மறைந்துவிடும், எதையும் ‘விட’ வேண்டியதில்லை. லைப்னிட்ஸ் இதை ஏற்கவில்லை. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை நுண்ணளவுகள் இல்லாமல் வளைவின் வளைமையைக் கூடப் பேச முடியாது என்பது அவர் நிலை. 1695இல் அவர் அளித்த மறுமொழியில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: சமம் என்பதன் பொருளையே அவர் விரித்தார். வேறுபாடு அறவே இல்லாதவை மட்டுமன்றி, ஒப்பிட முடியாத அளவு சிறிய வேறுபாடு கொண்டவையும் சமம் என்று கொண்டார். அதாவது அவர் கணக்கின் இறுதியில் வரும் சமக்குறியும் தொடக்கத்தில் உள்ள சமக்குறியும் ஒரே பொருள் கொண்டவை அல்ல. இதைக் கவனியாமல் அவரைக் கண்டிப்பதும் எளிது, புகழ்வதும் எளிது.

1702இல் வரிஞோனுக்கு எழுதிய மடலில் நுண்ணளவுகள் உண்மையில் உள்ளனவா என்னும் விவாதத்திலிருந்து லைப்னிட்ஸ் விலகிக்கொண்டார். எதிர்ம எண்களின் வர்க்கமூலங்களைப் போல இவையும் கணக்குக்கு உதவும் புனைவுகளாக இருக்கலாம் என்றார். அவ்வாறு சொன்னதால் அவர் கடனைத் தீர்த்துவிட்டார் என்று கொள்ள இயலாது. கற்பனை எண்களும் புனைவுகளே. ஆனால் அவற்றுக்குரிய விதிகள் தெளிவானவை. நுண்ணளவுகளுக்கு எந்த விதிகள் பொருந்தும், எவை பொருந்தா என்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு வழிகாட்டு நெறி மட்டுமே: முடிவுள்ளவற்றுக்குச் செல்லும் விதிகள் முடிவிலிக்கும் செல்லும் என்பது. எல்லா விதிகளும் செல்ல முடியாது. எந்தவொரு நேர் அளவையும் போதிய முறை தன்னோடு கூட்டிக்கொண்டே போனால் ஒன்றைத் தாண்டிவிடும் என்னும் ஆர்க்கிமிடீசின் விதி நுண்ணளவுக்குப் பொருந்தாது. பொருந்தினால் அது நுண்ணளவே அன்று. செல்லும் விதிகள் எவை என்ற பட்டியல் இல்லாமலேயே அந்த நெறி இரண்டரை நூற்றாண்டுகள் காத்திருந்தது.

பெர்க்லியின் குற்றச்சாட்டு

அயர்லாந்தில் ஆயராக இருந்த ஜார்ஜ் பெர்க்லி 1734இல் வெளியிட்ட தாக்குதலின் நோக்கம் சமயம் சார்ந்தது. விசுவாசத்தின் மறைபொருள்களைக் கேலி செய்யும் கணிதர்கள் தம் துறையில் அவற்றைவிடப் புரியாதவற்றை விழுங்குகின்றனர் என்று காட்ட அவர் விரும்பினார். நோக்கம் எதுவாயினும் அவர் கண்ட ஓட்டை உண்மையானது.

நியூட்டன் தம் ‘பிரின்சிபியா’வில் இரு அளவுகளின் பெருக்கம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்ட விதத்தைப் பெர்க்லி எடுத்துக்கொண்டார். பக்கங்கள் 10, 20 கொண்ட ஒரு செவ்வகத்தில் ஒவ்வொரு பக்கமும் 1 கூடுவதாகக் கொள்வோம். பரப்பளவு 200இலிருந்து 11 × 21 = 231 ஆகிறது; கூடுதல் 31. நியூட்டன் இப்படிக் கணக்கிடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றத்தில் பாதியைக் கழித்து 9.5 × 19.5 = 185.25 என்றும், பாதியைக் கூட்டி 10.5 × 20.5 = 215.25 என்றும் எடுத்து, வேறுபாடு 30 என்று காண்பது அவர் முறை. இரு மாற்றங்களின் பெருக்கமாகிய அந்த 1, யாரும் விலக்காமலேயே காணாமல் போய்விடுகிறது. பெர்க்லி கேட்டது நேரடியான கேள்வி: பக்கங்கள் முழுமையாகக் கூடும்போது பரப்பு எவ்வளவு கூடுகிறது என்பதுதானே கணக்கு? அதற்கு விடை 31. தேவையற்ற உறுப்பு விழும்படி தொடக்கப் புள்ளியை நகர்த்தி வைப்பது நிறுவல் ஆகுமா?

ஆகாது. இங்கே பெர்க்லி முழுக்கச் சரி. முதலில் மாற்றம் சுழி அன்று எனக் கொண்டு பெற்ற முடிவை, பிறகு மாற்றம் சுழி எனக் கொண்டபோதும் வைத்துக்கொள்வது தருக்கப்படி தவறு என்ற அவர் பொதுவாதமும் சரி. மறைந்துபோன அளவுகளை ஆவிகளோடு ஒப்பிட்ட அவர் கேலியைத்தான் பலரும் நினைவில் வைத்துள்ளனர். ஆனால் அவர் வாதத்தின் வலிமை கேலியில் இல்லை, இந்தச் செவ்வகத்தில்தான் இருக்கிறது.

ஆனாலும் அவர் வாதம் எதை வீழ்த்தியது என்பதைச் சரியாக அளக்க வேண்டும். நுண்ணளவு என்னும் கருத்து முரண்பாடுடையது என்று அவர் நிறுவவில்லை. அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரே குறிக்கு ஒரே வாதத்தில் இரு மதிப்புகள் தந்தனர் என்றே நிறுவினார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட பழக்கம் அடுத்த 200 ஆண்டுகளுக்கு நீடித்தது. ஆய்லர் 1755இல் நுண்ணளவுகள் எல்லாம் சுழிகளே என்றும், வகை நுண்கணிதம் சுழிகளின் விகிதத்தைக் காணும் கலை என்றும் எழுதியது பெர்க்லிக்குத் தீனி போடுவதாகவே இருந்தது. அதே ஆய்லர் அதே முறையில் கண்டெடுத்த முடிவுகள் பெரும்பாலும் இன்றும் நிற்கின்றன என்பது வேறு வியப்பு.

எல்லை வந்த வழி

1754இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் வகையீடு பற்றிய கட்டுரையை எழுதிய தலாம்பேர், நுண்கணிதத்தில் நுண்ணளவு என்ற பேச்சே தேவையில்லை, விகிதங்களின் எல்லையே போதும் என்று தெளிவாகக் கூறிவிட்டார். சொன்னாரே தவிர எல்லையை வைத்துப் பாடத்தைக் கட்டிக்காட்டவில்லை. அந்தப் பணி 1817இல் போல்சானோவிடமும் 1821இல் கோஷியிடமும் தொடங்கி, வையர்ஸ்டிராசின் பெர்லின் விரிவுரைகளில் இன்றைய வடிவத்தை அடைந்தது.

கோஷியை நுண்ணளவை விரட்டியவராகச் சித்திரிப்பது பாதி உண்மைதான். மாறியின் நுண்ணிய மாற்றம் சார்பில் நுண்ணிய மாற்றத்தையே தருமாயின் அச்சார்பு தொடர்ச்சியானது என்பதே அவர் 1821இல் தந்த வரையறை. நுண்ணளவு என்பதைச் சுழியை எல்லையாகக் கொண்ட மாறி என்று அவர் விளக்கினார். ஆனால் நிறுவல்களில் அதை ஒரு நிலையான பொருள் போலவும் கையாண்டார். அந்த ஊசலாட்டத்தின் விலை அதே நூலில் உள்ளது. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருடைய கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று அவர் நிறுவினார். 1826இல் ஏபெல், சைன் சார்புகளாலான ஓர் எளிய தொடரைக் காட்டி, இத்தேற்றத்துக்கு விதிவிலக்குகள் இருப்பதாகத் தோன்றுகிறது என்று அடக்கமாக எழுதினார். அத்தொடரின் கூட்டுத்தொகை சில புள்ளிகளில் துள்ளுகிறது. கோஷி 1853இல் தேற்றத்தின் நிபந்தனையை இறுக்கினார். ஒருங்குதலை நுண்ணளவுத் தொலைவில் உள்ள புள்ளிகளிலும் கோரினால் பழைய தேற்றமே சரியாகிவிடும் என்று ராபின்சன் பின்னாளில் காட்டினார். கோஷி அதைத்தான் எண்ணினாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் பிளவுபட்டே நிற்கின்றனர்.

வையர்ஸ்டிராசின் எப்சிலான்-டெல்டா வரையறையில் மிகச் சிறிய எதுவும் இல்லை. அது ஒரு அறைகூவலும் மறுமொழியும். சார்பின் மதிப்பு எல்லைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று எதிராளி ஒரு நேர் எண்ணைச் சொல்கிறார். மாறி எவ்வளவு நெருங்கினால் அது நடக்கும் என்று மற்றொரு நேர் எண்ணை நாம் சொல்ல வேண்டும். எல்லா அறைகூவலுக்கும் மறுமொழி உண்டென்றால் அதுவே எல்லை. நெருங்குதல், மறைதல், பாய்தல் ஆகிய இயக்கச் சொற்கள் அனைத்தும் போய்விட்டன. இது பெரிய சாதனை. மாணவர்க்கு இது ஏன் கடினம் என்பதும் இங்கேயே தெரிகிறது: ‘ஒவ்வொன்றுக்கும்’, ‘ஏதேனும் ஒன்று’, மீண்டும் ‘ஒவ்வொன்றுக்கும்’ என மூன்று அடுக்குகள் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அன்றாடப் பேச்சில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

இந்த அடித்தளமும் இலவசமாகக் கிடைக்கவில்லை. எல்லைகள் இருக்க வேண்டுமானால் அவை சென்று சேரும் எண்கள் இருக்க வேண்டும். அதற்காக 1872இல் டெடிகைண்டும் கேண்டரும் மெய்யெண்களை விகிதமுறு எண்களின் முடிவிலிக் கணங்களாகவும் முடிவிலித் தொடர்முறைகளாகவும் கட்டினர். நுண்ணளவைப் புரியாத பொருள் என்று விலக்கிய அடித்தளம், ஒவ்வொரு மெய்யெண்ணையும் முடிவற்ற பல எண்களின் தொகுப்பாக ஏற்றுக்கொண்டது. பெர்க்லி உயிரோடு இருந்திருந்தால் இதையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

முரண்பாடு என்ற தீர்ப்பு

முடிவிலியைத் துணிந்து ஏற்ற கேண்டர் நுண்ணளவை மட்டும் வெறுத்தார். அதைக் காலராக் கிருமியோடு ஒப்பிட்டு மடல் எழுதினார். ரசல் 1903இல் தம் கணித அடிப்படைகள் பற்றிய நூலில் அதை முரண்பாடுடைய கருத்தாக ஒதுக்கினார். இத்தீர்ப்பு சொல்லப்பட்டபோதே அது தவறு. இத்தாலியில் வெரோனீசே 1891இலும், அவரைத் தொடர்ந்து லெவி-சிவிட்டாவும், நுண்ணளவுகள் கொண்ட எண் அமைப்புகளை உருவாக்கிவிட்டனர். ஹில்பர்ட் 1899இல் வடிவியலின் அடிப்படைகளை ஆராய்ந்தபோது ஆர்க்கிமிடீசின் விதி பொருந்தாத அமைப்பைக் கட்டி, அந்த விதி மற்றவற்றிலிருந்து பெறத்தக்கது அன்று எனக் காட்டினார். முரண்பாடு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அக்காலக் கணிதர்கள் நுண்ணளவை ஏற்காததற்கு முன்தீர்மானம் மட்டும் காரணம் அன்று. இந்த இடத்தை ராபின்சனின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நுண்ணளவு கொண்ட ஒரு களம் இருப்பது வேறு, அதில் நுண்கணிதம் நடப்பது வேறு. ஒரு சோதனையைப் பார்க்கலாம். நுண்ணளவுகள் கொண்ட எந்த வரிசைப்பட்ட களத்திலும் ஒரு சார்பை இப்படி வரையறுக்கலாம்: மாறி நுண்ணளவாகவோ சுழியாகவோ இருந்தால் மதிப்பு 0, மற்ற எல்லா இடத்திலும் 1. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சூழ்ந்த நுண்ணிய அண்மையில் இச்சார்பு மாறுவதே இல்லை. எனவே எங்கும் அதன் வகைக்கெழு சுழி. ஆனால் சார்பு மாறிலி அன்று; 0இலிருந்து 1க்குச் சென்றுவிட்டது. வகைக்கெழு எங்கும் சுழியானால் சார்பு மாறிலி என்பது நுண்கணிதத்தின் அரிச்சுவடி. அது இங்கே உடைகிறது. அதோடு இடைமதிப்புத் தேற்றமும் உடைகிறது.

பெலிக்ஸ் கிளைன் 1908இலும் ஆபிரகாம் ஃபிராங்கெல் 1928இலும் நுண்ணளவுக் கோட்பாடுகளுக்கு இதையே உரைகல்லாக வைத்தனர்: இடைமதிப்புத் தேற்றத்தை நிறுவிக்காட்ட முடியுமா? அதுவரை வந்த எந்த அமைப்பும் தேறவில்லை. நியாயமான தேர்வு அது. ஜெருசலேமில் ஃபிராங்கெலிடம் பயின்ற மாணவரே அதில் தேறினார் என்பது கணித வரலாற்றின் இனிய தற்செயல்களில் ஒன்று.

ராபின்சன் செய்தது

ராபின்சனின் அமைப்பை விளங்கிக்கொள்ள மெய்யெண்களின் முடிவிலித் தொடர்முறைகளிலிருந்து தொடங்குவது எளிது. 1, 1/2, 1/3, 1/4 என்று செல்லும் தொடர்முறையை ஒரே எண்ணாகக் கருதினால் அது எந்த நேர் மெய்யெண்ணையும்விட ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு சிறிதாகிவிடும். எனவே அது ஒரு நுண்ணளவு. 1, 2, 3, 4 என்பது முடிவிலியாகப் பெரிய எண். கூட்டலும் பெருக்கலும் உறுப்புக்கு உறுப்பு. சிக்கல் 0, 1, 0, 1 என மாறிமாறி வரும் தொடர்முறையில் எழுகிறது. இது சுழியா, ஒன்றா? முடிவு செய்ய, இரட்டை இடங்களின் கணம் பெரியதா, ஒற்றை இடங்களின் கணம் பெரியதா என்று ஒரு பக்கம் தீர்ப்பு அளித்தாக வேண்டும். இயல் எண்களின் ஒவ்வொரு உட்கணத்துக்கும், அதுவா அதன் நிரப்பியா எது ‘பெரியது’ என்று ஒன்றோடொன்று மோதாதபடி தீர்ப்பு வேண்டும். அப்படிப்பட்ட தீர்ப்புத் தொகுப்புக்கு மீவடிகட்டி என்று பெயர். அதைக் கொண்டு கிடைக்கும் எண்களை மீமெய்யெண்கள் எனலாம். எட்வின் ஹியூவிட் 1948இல் இத்தகைய களங்களை ஆராய்ந்திருந்தார்; யெர்சி வோஷ் 1955இல் இதற்குரிய முக்கியத் தேற்றத்தைத் தந்தார்.

அத்தேற்றத்திலிருந்து ராபின்சன் பெற்றது லைப்னிட்சிடம் இல்லாத பட்டியலை. எண்களையும் கொடுக்கப்பட்ட சார்புகளையும் பற்றி முதல்நிலைத் தருக்க மொழியில் சொல்லத்தக்க எந்தக் கூற்றும் மெய்யெண்களில் உண்மையானால், மீமெய்யெண்களிலும் உண்மை. அங்கு உண்மையானால் இங்கும் உண்மை. பெயர்ச்சிக் கொள்கை என்று இதைச் சொல்லலாம். சைன், மடக்கை, அடுக்குக்குறி என ஒவ்வொரு சார்பும் தன் முற்றொருமைகளோடு புதிய எண்களுக்கு நீள்கிறது. ஆர்க்கிமிடீசின் விதியோ எந்தப் பொருளில் நீள்கிறது, எந்தப் பொருளில் நீளவில்லை என்பதும் துல்லியமாகத் தெரிகிறது: முடிவிலியாகப் பெரிய ‘இயல் எண்’ணையும் எண்ணிக்கையாக அனுமதித்தால் நீளும், நம் சாதாரண 1, 2, 3களோடு நின்றால் நீளாது.

சதுரத்தின் கணக்கு இப்போது இப்படி முடிகிறது. ந சுழி அன்று, எனவே வகுக்கலாம். விகிதம் 2ப + ந. முடிவுள்ள ஒவ்வொரு மீமெய்யெண்ணுக்கும் நுண்ணளவுத் தொலைவில் ஒரே ஒரு மெய்யெண் உண்டு. அதை அதன் நியமப் பகுதி என்பர். 2ப + ந என்பதன் நியமப் பகுதி 2ப. வகைக்கெழு என்பது விகிதம் அன்று, விகிதத்தின் நியமப் பகுதி. ந எந்தக் கட்டத்திலும் சுழியாக மாறவில்லை. பெர்க்லிக்கு இது முழுமையான மறுமொழி.

தொடர்ச்சியின் வரையறையும் ஓர் அடுக்குக்குக் குறைகிறது: ஒரு மெய்யெண்ணுக்கு நுண்ணளவுத் தொலைவில் உள்ள எல்லா எண்களிலும் சார்பின் மதிப்பு நுண்ணளவே மாறுமாயின் சார்பு அங்கே தொடர்ச்சியானது. இதே கோரிக்கையை மெய்யெண் அல்லாத புள்ளிகளுக்கும் வைத்தால் சீரான தொடர்ச்சி கிடைக்கிறது. மாணவர்கள் மாதக்கணக்கில் குழம்பும் இந்த வேறுபாட்டுக்கு வர்க்கச் சார்பே எடுத்துக்காட்டு. முடி என்பது முடிவிலியாகப் பெரிய எண் என்க. முடி, முடி + 1/முடி ஆகிய இரண்டும் நுண்ணளவே வேறுபடுகின்றன. அவற்றின் வர்க்கங்களோ 2க்கும் சற்று மேலாக வேறுபடுகின்றன. ஆகவே வர்க்கச் சார்பு தொடர்ச்சியானது, சீராகத் தொடர்ச்சியானது அன்று. இரண்டு வரிகளில் முடிந்த நிறுவல் இது.

ஃபிராங்கெலின் உரைகல்லில் உடைந்த அந்த 0–1 சார்பு என்னவாயிற்று? அது மீமெய்யெண்களிலும் உண்டு. ஆனால் ‘நுண்ணளவாக இருத்தல்’ என்ற பண்பைப் பெயர்ச்சிக் கொள்கையின் மொழியில் சொல்ல முடியாது. அதனால் அச்சார்பு ‘அகச் சார்பு’ அன்று, புறத்தே நிற்பது. இடைமதிப்புத் தேற்றம் அதற்குப் பொருந்தும் என்று கோட்பாடு வாக்களிக்கவில்லை. தீர்வு சரியானது. அதன் விலையும் இதுதான்: கணங்களையும் சார்புகளையும் அகம், புறம் என எப்போதும் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெய்யெண்களின் உயிர்நாடியான முழுமைத்தன்மையும் இதே விதிக்கு உட்பட்டது. எல்லா நுண்ணளவுகளின் கணம் 1ஐத் தாண்டுவதில்லை. ஆனாலும் அதற்கு மீச்சிறு மேல்வரம்பு கிடையாது. அப்படி ஒன்று இருந்து அது நுண்ணளவாயின் அதன் இருமடங்கும் நுண்ணளவாகி அதைத் தாண்டும்; நுண்ணளவு அன்றாயின் அதன் பாதியே போதிய மேல்வரம்பாகிவிடும். எப்சிலான்-டெல்டாவின் மூன்று அடுக்குகளை விட்டு ஓடி வந்தவரை அக–புற வேறுபாடு வாசலில் நின்று வரவேற்கிறது. தொடக்கப் பாடங்களில் இதை மறைத்து வைக்கலாம். அடித்தளம் என்று உரிமை கொண்டாடும்போது மறைக்க முடியாது.

எதிர்ப்புகள்

ராபின்சனும் அவர் மாணவர் ஆலன் பெர்ன்ஸ்டைனும் 1966இல் ஹில்பர்ட் வெளிச் செயலிகள் பற்றி அதுவரை தீராதிருந்த ஒரு கேள்வியை இம்முறையில் தீர்த்தனர். அதே இதழில், அந்நிறுவலை நுண்ணளவின்றி மொழிபெயர்த்து ஹால்மோஸ் வெளியிட்டார். நுண்ணளவு தேவையே இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது வலுவற்ற வாதம். மொழிபெயர்க்க முடியும் என்பது முன்பே தெரிந்ததுதான். சாதாரண எண்களைப் பற்றி இம்முறையில் நிறுவப்படும் எதையும் வழக்கமான கணக் கோட்பாட்டிலும் நிறுவலாம். மூலத்தை யார் முதலில் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1976இல் ஹோவர்ட் ஜெரோம் கெய்ஸ்லர் இம்முறையில் ஒரு முதலாண்டுப் பாடநூல் எழுதினார். இன்று அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1977இல் எரெட் பிஷப் அதற்கு எழுதிய மதிப்புரை கடுமையானது. பிஷப் ஆக்கமுறைக் கணிதர்; கட்டிக்காட்ட முடியாத எதையும் இருப்பதாக ஏற்காதவர். அவர் நிலையில் மீவடிகட்டி வெறும் சொல். ஆனால் அதே அளவுகோலில் வழக்கமான நுண்கணிதப் பாடநூலும் பல இடங்களில் விழும் என்பதை அவரே மற்ற எழுத்துகளில் வலியுறுத்தியவர். அப்படியிருக்க, பொது நோயை ஒரு நூலின் தனிக்குற்றமாக ஆக்கியது நேர்மையான மதிப்புரைக்குப் பொருந்தவில்லை. கேத்லீன் சல்லிவன் 1976இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு, நுண்ணளவு வழியில் கற்றவர்கள் வழக்கமான கணக்குகளில் பின்தங்கவில்லை என்று கண்டிருந்தது.

இவற்றைவிடக் கூர்மையானது அலேன் கோன் எழுப்பிய மறுப்பு. இளமையில் இம்முறையில் ஆர்வம் கொண்டு எழுதியவர் அவர். முடிவிலியாகப் பெரிய ஒரே ஓர் இயல் எண்ணைக் கையில் கொடுத்தால் போதும், அதிலிருந்து நேரடியாக ஒரு மீவடிகட்டியையும், அதன் வழியே லெபெக் முறையில் அளவிட முடியாத ஒரு கணத்தையும் பெற்றுவிடலாம். அத்தகைய கணத்தைத் தேர்வு அடிகோளின் முழு வலிமையில் ஏதேனும் ஒரு பங்கு இல்லாமல் பெற முடியாது என்பதை ராபர்ட் சொலோவே 1970இல் வெளியிட்ட முடிவு காட்டுகிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட நுண்ணளவை ‘இதோ’ என்று சுட்டிக்காட்ட யாராலும் இயலாது என்பது கோனின் முடிவு. மேலே 0, 1, 0, 1 தொடர்முறையில் வந்த தீர்ப்பை நினைவுகூர்ந்தால் இதன் பொருள் விளங்கும்: தீர்ப்புத் தொகுப்பு இருக்கிறது என்று அடிகோள் சொல்கிறது, தீர்ப்பு இரட்டைக்கா ஒற்றைக்கா என்பதை எவரும் சொல்வதில்லை. மேலும், வெவ்வேறு தீர்ப்புகள் தரும் களங்கள் ஒரே வடிவத்தவை என்ற உறுதி, தொடர்மக் கருதுகோளை ஏற்றால் கிடைக்கிறது, ஏற்காவிட்டால் போய்விடுகிறது. மெய்யெண் கோடு ஒன்றே. மீமெய்யெண் கோடு எது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று.

வழக்கமான பகுப்பாய்வும் இந்த அடிகோளைத் தொடாமல் இல்லை என்று பதில் சொல்லலாம். ஒரு புள்ளியில் தொடர்முறைகள் வழியே வரையறுத்த தொடர்ச்சியும் எப்சிலான்-டெல்டாத் தொடர்ச்சியும் ஒன்றே என்னும் முதலாண்டுத் தேற்றத்துக்கே அதன் ஒரு சிறு பகுதி தேவை. பதில் சரி, ஆனால் எண்ணிடத்தக்க அளவு தேர்வுக்கும் மீவடிகட்டிக்கும் இடையே தூரம் அதிகம். 2004இல் கனோவேயும் ஷெலாவும் துல்லியமாக வரையறுத்துச் சொல்லத்தக்க ஒரு மீமெய்யெண் களம் உண்டு என்று காட்டியபோதும் தேர்வு அடிகோள் விலகவில்லை. உண்மையான முன்னேற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. எட்வர்ட் நெல்சன் 1977இல் புதிய எண்களைச் சேர்ப்பதற்கு மாறாக, இருக்கும் எண்களுக்குள்ளேயே ‘நியமமானவை’ எவை என்று பிரிக்கும் ஒரு சொல்லைக் கணக் கோட்பாட்டின் மொழியில் சேர்த்திருந்தார். அந்த வழியைப் பின்பற்றி ஹர்பாசெக்கும் காட்சும் 2021இல் வெளியிட்ட கட்டுரை, நுண்கணிதத்துக்குப் போதிய நுண்ணளவுக் கோட்பாடு ஒன்று தேர்வு அடிகோள் இல்லாத கணக் கோட்பாட்டுக்கு மேல் புதிதாக எதையும் கோரவில்லை என்று நிறுவுகிறது. கோனின் மறுப்பு மாதிரிகளாகக் கட்டப்படும் மீமெய்யெண்களுக்குப் பொருந்தும். அடிகோள் வழியில் வரும் நுண்ணளவுகளுக்குப் பொருந்தாது.

மற்றொரு வழி லாவ்வியர் 1967இல் விரிவுரைகளில் தொடங்கியது. ஜான் பெல் 1998இல் வெளியிட்ட சிறு நூலால் பொதுவாசகரையும் எட்டியது. இதில் நுண்ணளவின் வர்க்கம் சுழி. (ப + ந)² என்பது சரியாக ப² + 2பந. விட்டுவிட எதுவும் மிஞ்சவில்லை. லைப்னிட்சிடம் தோற்ற நியூவென்டைட் 270 ஆண்டுகள் கழித்து வேறு கதவு வழியாக உள்ளே வருகிறார். இங்கே ந ஆல் வகுக்க முடியாது. எல்லா நுண்ணளவுகளுக்கும் ஒருசேர உண்மையாகும் சமன்பாட்டிலிருந்து மட்டும் அதை நீக்கலாம். எல்லாச் சார்புகளும் தொடர்ச்சியானவை என்பதால், ஃபிராங்கெலின் தேர்வைக் கெடுத்த 0–1 சார்பு இந்த உலகில் பிறப்பதே இல்லை. அதற்கு ஈடாக, ஒரு கூற்று உண்மை அல்லது அதன் மறுப்பு உண்மை என்ற விதியைத் தருக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்: கொடுக்கப்பட்ட ந சுழியா, சுழி அன்றா என்று கேட்டால், இரண்டில் ஒன்று என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை.